சொந்தப் பாத்திரக்காரர்

மனிதர்களில் சொந்தப் பாத்திரக்காரர் என்று ஓர் இனம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை எங்கள் சான் ஹசிந்தோவில் இந்த இனம் கிடையாது. நகராட்சி ஒரு விதி போட்டது. மறுநாள் மழைக்காளான் மாதிரி முளைத்துவிட்டது.

அவசரப்படாதீர்கள். கையில் பாத்திரத்தோடு கடைக்குப் போகிறவர்கள் எல்லாரும் இந்த இனம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டுச் சாறு வாங்க அலுமினியக் குண்டானைத் தூக்கிக்கொண்டு போவது எங்கள் ஊரில் என்றைக்கும் இருந்த பழக்கம். நடுவில் பத்துப் பதினைந்து வருடம் தெர்மாகோல் கப் வந்து குண்டானை வீட்டில் உட்கார வைத்தது. தெர்மாகோல் கூடாது என்று விதி வந்ததும் குண்டான் மறுபடி எழுந்து நடக்க ஆரம்பித்தது. அவ்வளவுதான். குண்டானோடு வந்து, சாறு வாங்கி, வீடு போய்ச் சேருகிறவருக்குப் பெயர் வாடிக்கையாளர். குண்டானோடு வந்து, குண்டான் என்ற பொருளையே நேற்று ராத்திரி தாம்தான் கண்டுபிடித்தது போலப் பேசுகிறாரே, அவர்தான் சொந்தப் பாத்திரக்காரர்.

அவரைக் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் காணலாம். முதலில் வருவது அவரில்லை, சத்தம். துணிப்பைக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து டப்பாக்கள், தனியாக ஐந்து மூடிகள், துடைக்க ஒரு துண்டு, கரண்டி, முள், மடக்குக் கத்தி. நடக்கும்போது ஒரு சின்ன பேண்டு வாத்தியக் கோஷ்டி வருவது போல இருக்கும். எங்கள் ஊரில் இந்த இனத்துக்கு மாதிரிச் சரக்கு தோன் எவெலியோ, அதாவது எவெலியோ ஐயா. மின்சார அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். எங்கள் வட்டாரக் கமிட்டித் தலைவர். ஊரில் யார் வீட்டு விருந்தானாலும் முதல் நாற்காலி அவருக்கு.

ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சந்தை மண்டபத்தின் மூன்றாவது தூணருகே போய் நில்லுங்கள். தோன்யா மௌராவின், அதாவது மௌரா அம்மாவின், கடை. ஆனைக்கற்றாழை மடலில் சுற்றிக் குழியில் வேகவைத்த ஆட்டுக்கறி, கறியிலிருந்து சொட்டிய சாறு, அதில் மிதக்கும் கொண்டைக்கடலை, சோள ரொட்டியில் கறி மடித்த டாக்கோ. வரிசை நீரூற்று வரை நிற்கும். அந்த வரிசை நகராமல் நின்றுவிட்டதா? முன்னால் தோன் எவெலியோ இருக்கிறார் என்று அர்த்தம்.

"ஒரு நிமிஷம், தோன்யா மௌரா. முதல்ல காலி டப்பாவ எடை போடுங்க."

"சாறு லிட்டர் கணக்குங்க. எடை கிடையாது."

"அப்ப கறி டப்பாவப் போடுங்க. மூடியோட ஒரு தடவ, மூடி இல்லாம ஒரு தடவ."

பின்னால் நிற்கிற மினிபஸ் டிரைவர் நாச்சோவுக்கு எட்டு மணிக்கு வண்டி எடுக்க வேண்டும். அவன் சும்மா இருப்பானா?

"மூடிய மட்டும் தனியா ஒரு தடவ போட்டுருங்க தோன் எவெலியோ. அதுக்கும் ஒரு மனசு இருக்கும்ல."

"சிரி தம்பி, சிரி. ஒரு தெர்மாகோல் கப்பு மக்க எத்தன வருஷம் ஆகும் தெரியுமா உனக்கு?"

"தெரியாது. ஆனா நீங்க வாங்கி முடிக்கிறதுக்குள்ள மக்கிரும்."

"நீ கையில வச்சிருக்கியே டப்பா, அது என்ன ரகப் பிளாஸ்டிக்கு?"

"எங்கம்மா வாங்கின ரகம்."

இதோடு முடிந்ததா? சாறு ஊற்றும் கட்டம் பாக்கி இருக்கிறது. கேட்பது ஒரு லிட்டர். நீட்டுவது ஒன்றரை லிட்டர் டப்பா. தோன்யா மௌரா அளந்து ஒரு லிட்டர் ஊற்றியதும் டப்பாவுக்குள் எட்டிப் பார்ப்பார். ஆழ்ந்த துயரத்தோடு பார்ப்பார். "இப்படி அரையும் குறையுமா இருந்தா வழியில தளும்புங்க. விளிம்பு வரைக்கும் இருந்தா ஆடாது" என்பார். நான் படித்த கல்லூரியில் இந்த இயற்பியலைச் சொல்லித் தரவில்லை. தோன்யா மௌரா இன்னொரு கரண்டி ஊற்றுவார், வரிசை நகர வேண்டுமே என்று.

இந்த இனத்தை முழுதாகப் புரிந்துகொள்ள அதன் சமையலறைக்குள்ளும் போக வேண்டும். எங்கள் ஊரில் விருந்துக்குப் போனவர் யாரும் வெறுங்கையோடு வெளியே வருவதில்லை. ஞானஸ்நானமோ பெண்பிள்ளையின் பதினைந்தாவது பிறந்தநாளோ, கிளம்பும்போது வீட்டுக்காரம்மா ஒரு பாத்திரம் நிறைய மிச்சச் சாப்பாட்டைக் கையில் திணிப்பார். அந்தப் பாத்திரத்தில்தான் விஷயமே இருக்கிறது. திருப்பித் தருவார் என்ற நம்பிக்கை இருந்தால் நல்ல டப்பா. சந்தேகம் என்றால் காலியான பாலேட்டு டப்பா. தர மாட்டார் என்பது உறுதியானால் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பை. வாசலில் நின்று மற்றவர்கள் கையைப் பார்த்தாலே போதும், யாருக்கு ஊரில் என்ன பெயர் என்று தெரிந்துவிடும்.

தோன் எவெலியோவுக்கு எப்போதும் நல்ல டப்பா. கமிட்டித் தலைவராயிற்றே! கொடுத்த அம்மா டப்பாவின் அடியில் நகப்பூச்சால் தன் அடையாளத்தைப் போட்டிருப்பார். எங்கள் பெண்கள் நகத்துக்குப் பூசியதைவிடப் பாத்திரத்துக்குப் பூசியதே அதிகம். இப்படிப் போன டப்பா ஏன் திரும்பி வருவதில்லை? அதற்கும் ஒரு மரியாதைதான் காரணம். வாங்கிய பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அவர்கள் முகத்தில் கதவைச் சாத்தியது மாதிரி. எதையாவது சமைத்து நிரப்பித்தான் கொடுக்க வேண்டும். வெறும் பயறா போட்டுக் கொடுப்பது? அவர்கள் தந்தது கறி அல்லவா? சரி, வீட்டில் நல்லதாக ஏதாவது சமைக்கும் நாளில் கொடுக்கலாம். அந்த நாள் வருவதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும். ஒரு வருடம் ஆனதும் டப்பா வீட்டுப் பிள்ளையாகிவிடும். அதன் மூடி தொலைந்து வேறு நிற மூடி வந்துவிட்டதென்றால், பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது.

இனி விதிக்கு வருகிறேன். அதை எழுதியவன் நான்தான். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். சான்றிதழை அம்மா கன்னி மரியாள் படத்துக்குப் பக்கத்தில், படத்தைவிட ஒரு விரற்கடை உயரமாகவே மாட்டியிருக்கிறார். ஊரார் என் பெயரை மறந்து லிசென்சியாதோ, அதாவது பட்டம் பெற்றவரே, என்றுதான் கூப்பிடுகிறார்கள். நகராட்சியில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே இந்த விதியை எழுதும் பொறுப்பு வந்தது. பதினொரு பிரிவுகள் எழுதினேன். எட்டாவது பிரிவு இது: மண்டபத்துக் கடைகள் ஒவ்வொன்றும் பாத்திரம் கொண்டுவராதவருக்கு இரவல் தருவதற்காக, மூடி போட்ட பாத்திரங்கள் குறைந்தது இருபது, காலியாக, சுத்தமாக, தயாராக வைத்திருக்க வேண்டும், ஆய்வு நாளில் ஒன்று குறைந்தாலும் அந்த இடம் அடுத்தவருக்குப் போகும், கடை பேருந்து நிலையத்தின் பின்பக்கத்துக்குப் போகும். டீசல் புகையும் வெயிலும் தவிர அங்கே வேறெதுவும் கிடையாது. அங்கே போய் யார் சாறு குடிப்பார்கள்?

இரவல் வாங்கியவர் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு பிரிவு எழுதினாயா என்று கேட்பீர்கள். எழுதவில்லை. நான் பிறந்த மலைக் கிராமத்தில் மொத்தம் பதினெட்டு வீடு. யார் பாத்திரம் யார் வீட்டில் இருக்கிறது என்று நாய்க்கும் தெரியும். சூரியன் காலையில் உதிக்க வேண்டும் என்று யாராவது விதி எழுதுவார்களா? பதினொன்றோடு நிறுத்திக் கையெழுத்து வாங்கிவிட்டேன். ரொம்பப் பெருமையாக இருந்தது.

தோன்யா மௌரா சிவப்பு மூடி போட்ட முப்பத்தாறு டப்பாக்கள் வாங்கினார். ஒவ்வொன்றின் அடியிலும் நகப்பூச்சால் ஓர் ஆட்டின் தலையை வரைந்து, எண் போட்டார். அதை அவர் ஆடு என்பார். ஊர் முயல் என்னும். ஒரு வருடம் கழித்து அலமாரியில் ஏழு முயல்கள் மிஞ்சியிருந்தன.

அப்போதுதான் ஆய்வு வந்தது. சந்தை ஆய்வாளர் யெசேனியா, கையில் கோப்போடு நான், கமிட்டியின் சார்பில் தோன் எவெலியோ. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் தோன் எவெலியோ தமது துணிப்பையையும் கொண்டுவந்திருந்தார். ஒரே நடையில் இரண்டு வேலை.

யெசேனியா அலமாரியை எண்ணினார். மறுபடி எண்ணினார். ஏழு டப்பாவை இன்னும் எத்தனை தடவைதான் எண்ணுவது?

"தோன்யா, ஏழுதான் இருக்கு."

"முப்பத்தாறு வாங்கினேன், அம்மா. எல்லாம் ஊருக்குள்ளதான் நடமாடுது."

"எட்டாவது பிரிவுல இருபதுன்னு போட்டிருக்கே?" என்று சொல்லிவிட்டு யெசேனியா என்னைப் பார்த்தார். நான் கோப்பைப் பார்த்தேன்.

"இருபத்திரண்டு வருஷமா இந்தத் தூணுதாம்மா. என் மகன் பிறக்க வலி எடுத்தப்பகூட இதப் பிடிச்சுக்கிட்டுதான் நின்னேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால என்னத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது?" தோன்யா மௌராவின் கரண்டி சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது.

தோன் எவெலியோ தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் வந்தால் சொற்பொழிவு வருகிறது என்று பொருள்.

"தோன்யா மௌரா நல்ல மனுஷி. கறியும் பிரமாதம். ஆனா விதின்னா விதிதானே? அவங்கள மட்டும் சொல்லிக் குத்தமில்ல. நம்ம ஜனங்களுக்கே பொறுப்பு கிடையாது. இரவல் வாங்கறான், வீட்டுல போட்டுக்கறான். ஒவ்வொருத்தனும் என்னை மாதிரி சொந்தப் பாத்திரம் கொண்டாந்தா இந்த நிலைமை வருமா? இதப் பாருங்க, மேடம்!"

சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, பூசை நடத்தும் பாதிரியார் கிண்ணத்தைத் தூக்குவது போல, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

டப்பாவின் அடிப்பக்கம் வரிசைக்குத் தெரிந்தது.

"தோன் எவெலியோ," என்றான் நாச்சோ. "அத அப்படியே பிடிங்க. இறக்கிராதீங்க."

"ஏன்?"

"அடியில ஒரு முயல் உக்காந்திருக்கு. பதினாலாம் நம்பர் முயல்."

"முயல் இல்லடா, ஆடு!" என்று கத்தினார் தோன்யா மௌரா. கத்திய பிறகுதான், தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

"இது எங்க வீட்டு டப்பா" என்றார் தோன் எவெலியோ. "மூடியப் பாருங்க, நீலம். உங்களுது சிவப்பு மூடியாச்சே."

"மூடி உங்களோடதா இருக்கட்டும். அடி என்னோடது."

பையைக் கவிழ்த்தார்கள். ஐந்து டப்பா. ஆடு பதினான்கு, ஆடு மூன்று, ஆடு இருபத்தேழு. நான்காவதில் ரொட்டிக்கடைக்காரர் மனைவியின் எழுத்து. ஐந்தாவதில் ஒரு சிலுவை. அது கோவில் அன்னதானத்தில் பங்குத்தந்தை கையால் கொடுத்தது. தோன் எவெலியோ ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முகத்தில் பொய் இல்லை. அவருக்கே அப்போதுதான் தெரிகிறது. ஐந்து டப்பாக்களை ஒரு வருடமாக எடை போட்டவர், ஒன்றையாவது கவிழ்த்துப் பார்த்ததில்லை.

"திருப்பித் தரக்கூடாதுன்னு இல்ல," என்றார் மெல்ல. "பெலென் நல்லதா ஏதாவது சமைக்கட்டும், நிரப்பித் தரலாம்னுதான்..." பெலென் அவர் மனைவி.

வரிசை வெடித்துச் சிரித்தது. எல்லாரையும்விட நாச்சோ அதிகமாகச் சிரித்தான். ஸ்டியரிங்கைப் பிடிப்பது போலத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சிரிச்சது போதும்," என்றார் தோன்யா மௌரா. "உன் டப்பாவத் திருப்பு."

"இது எங்கம்மா வாங்கினது, அக்கா."

"திருப்புடா."

ஆடு ஒன்பது.

"எங்கம்மா வாங்கினதுதான்," என்றான் நாச்சோ. "உங்ககிட்ட."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. வரிசை முழுக்க ஒரே நேரத்தில் பாத்திரங்களைக் கவிழ்த்துப் பார்க்கும் சத்தம். இன்னும் மூன்று ஆடுகள் வெளியே வந்தன. அலமாரியில் பதினான்கு ஆனது. யெசேனியா மணியைப் பார்த்தார், தோன்யா மௌராவைப் பார்த்தார், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குப் பசிக்குது, தோன்யா. மூணு டாக்கோ போடுங்க. சாப்பிட்டு முடிச்சிட்டு எண்ணறேன். சாப்பிடும்போது எண்ணினா எனக்குக் கணக்குத் தப்பிரும்."

எங்கள் ஊரில் ஆய்வாளர் ஒருவர் அத்தனை நிதானமாக மென்று நான் பார்த்ததில்லை. வரிசையில் பாதிப் பேர் வீட்டுக்கு ஓடினார்கள்.

திரும்பியும் வந்தார்கள். அங்கேதான் சிக்கல். காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதே! கடை இடமே கைமாறிப் போகும் நிலையிலும் எங்கள் ஊர்ப் பெண்கள் அதை விடவில்லை. ஒரு டப்பாவில் கறுப்புப் பயறு, ஒன்றில் சிவப்புச் சோறு, ஒன்றில் வெல்லப்பாகில் வெந்த பூசணி. பெலென் இரண்டு டப்பாக்களோடு மூச்சிரைக்க வந்தார். இரண்டிலும் காலையில் தாளித்த சப்பாத்திக்கள்ளிப் பொரியல், ஆவி பறந்தது. தாம் இத்தனை நாள் வாங்கி வைத்திருந்ததற்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. "உப்பு கொஞ்சம் கம்மிதான், பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

யெசேனியா இரண்டாவது டாக்கோவில் இருந்தார். "இதெல்லாம் நிறைஞ்சிருக்கே? காலியா இருக்கணும்னுல்ல விதி சொல்லுது?"

'காலியாக' என்ற அந்தச் சொல்லைச் சேர்த்த புண்ணியவானும் நான்தான்.

வேறென்ன செய்வது? தின்று தீர்த்தோம். சாறு வாங்க வந்த கூட்டம் நின்றபடியே பயறும் பூசணியும் சாப்பிட்டது. நாச்சோவின் வண்டிக்குக் காத்திருந்த பயணிகள் இறங்கி வந்து சாப்பிட்டார்கள். காலியான டப்பாக்களைச் சந்தைக் குழாயடியில் கழுவியது யார் தெரியுமா? தோன் எவெலியோ. சட்டைக் கையை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் தேய்த்தார். தண்ணீர் ஊற்றியவரிடம் மட்டும் ஒன்று சொன்னார்:

"தண்ணிய வீணாக்காதீங்க. ஒரு டப்பாவுக்கு அரைக் குவளை போதும்."

தொட்டில் பழக்கம் ஒன்றுமில்லை, இனத்தின் குணம்.

பத்தொன்பது டப்பாக்கள் அலமாரியில் ஏறின. யெசேனியா மூன்றாவது டாக்கோவின் கடைசிக் கடியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இன்னும் ஒன்று. ஓடினவர்கள் எல்லாரும் வந்தாயிற்று. இருக்கிற டப்பாக்களை எல்லாம் கவிழ்த்தாயிற்று. தோன்யா மௌரா அலமாரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார்.

"லிசென்சியாதோ. விதி வந்த மொத ஞாயித்துக்கிழம நீங்க வெறுங்கையோட வந்தீங்கல்ல? மொத இரவல் உங்களுக்குத்தானே கொடுத்தேன்?"

என் அலுவலகம் சதுக்கத்துக்கு எதிரே. சாவி என் பையில். ஓடினேன். என் மேசையில், என் வலது கைக்கு எட்டும் இடத்தில், ஒரு வருடமாகப் பேனாக்களையும் குண்டூசிகளையும் 'அங்கீகரிக்கப்பட்டது' முத்திரையையும் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தது ஒரு டப்பா. கொட்டிக் கவிழ்த்தேன்.

ஆடு ஒன்று.

சுற்றிலும் பார்த்தேன். அலுவலகத்தில் நிரப்பிக் கொடுக்க என்ன இருக்கிறது? காலியாகக் கொண்டுபோனால் அம்மா காதுக்கு எட்டும். சான்றிதழ் ஒரு விரற்கடை கீழே இறங்கும். ஒரு தாளை எடுத்துப் பன்னிரண்டாவது பிரிவை எழுதினேன்: 'இரவல் வாங்கிய பாத்திரத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பித் தர வேண்டும். காலியாகவும் தரலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.' மடித்து உள்ளே வைத்து, எடுத்துக்கொண்டு ஓடினேன்.

தோன்யா மௌரா டப்பாவைத் திறந்தார். தாளை எடுத்து வாசித்தார்.

"இத எதத் தொட்டுக்கிட்டுச் சாப்பிடறது, லிசென்சியாதோ?"

தாளைத் தூணில் ஒட்டினார். டப்பாவை அலமாரியில் வைத்தார். யெசேனியா கடைசிக் கடியை விழுங்கி, "இருபது" என்று எழுதினார். சட்டிக்குள் நின்ற கரண்டி மறுபடி சுழல ஆரம்பித்தது.

தோன் எவெலியோ திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அடுத்த ஞாயிறு அதே சத்தத்தோடு வந்தார். புத்தம்புது டப்பாக்கள் ஐந்து. அடியில் பெயர், பக்கத்தில் பெயர், மூடியில் பெயர். ஐந்தையும் எடை போடச் சொன்னார், மூடியோடும் மூடி இல்லாமலும். ஒரே மாற்றம் விருந்துகளில்தான். இப்போதெல்லாம் அவர் கையில் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பை. நேற்று ஒரு ஞானஸ்நானத்தில் எனக்கும் அதுவே கிடைத்தது. அதைப் பற்றி இங்கே விரிவாகப் பேச வேண்டாம்.

நீங்கள் இதுவரை சிரித்தீர்கள். நல்லது. இப்போது எழுந்து உங்கள் சமையலறைக்குப் போங்கள். மேல்தட்டில், பின்வரிசையில், மூடி சரியாகப் பொருந்தாத பாத்திரம் ஒன்று இருக்கிறதா? இருக்கும். அதைக் கவிழ்த்து, அடியில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நல்லதாக ஏதாவது சமைத்ததும் நிரப்பித் தரலாம் என்றுதானே வைத்திருக்கிறீர்கள்?

தோன் எவெலியோவும் அதையேதான் சொன்னார்.